இரண்டு கையெழுத்து: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஊராட்சிகளில் தனி அலுவலர் ஆட்சியும் அதற்கு எழுந்த எதிர்ப்பும்

கிராம ஊராட்சியின் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தலைவருடையது, மற்றது துணைத் தலைவருடையது. இருவருமே ஊர் மக்களின் வாக்கில் வந்தவர்கள். 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் ஒன்றியங்களில் அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமை ஊரார் தேர்ந்தெடுத்த எவரிடமும் இல்லை. ‘தனி அலுவலர்’ என்ற பெயரில் வட்டார வளர்ச்சி அலுவலரே ஒன்றியத்தின் கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தார். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் என்று காரும் லாரியும் கைபேசியும் செய்யும் ஆலைகள் நிறைந்த ஊர்கள் இவை. அங்கே ஐந்தாண்டு உள்ளாட்சி, அரசு ஊழியர் ஒருவரின் கூடுதல் பொறுப்பாக நடந்தது. அந்த நியமனத்தை யார் எதிர்த்தார்கள், எந்த வாதத்தில் எதிர்த்தார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உள்ளாட்சியைப் பற்றி எழுதுகிறவர் உத்திரமேரூரைத் தொடாமல் நகர முடியாது. நானும் விலக்கல்ல. முதலாம் பராந்தகன் காலத்து, பொ.ஆ. 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் முப்பது குடும்புகளையும் குடவோலையையும் உறுப்பினர் தகுதிகளையும் விரிவாகச் சொல்கின்றன. மேடைப் பேச்சுகளில் அவ்வளவாக வராத ஒரு செய்தியும் அவற்றில் உண்டு. 919ஆம் ஆண்டு ஏற்பாட்டைச் சபை செய்தபோது அரசனின் ஆணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி உடனிருந்தார். ஆக, ஊர் நிர்வாகத்தில் மேலிருந்து வந்த அதிகாரி புதியவர் அல்ல. ஆனால் அன்று முடிவெடுத்தது சபை. அதிகாரி உடன் இருந்தார். 2016க்குப் பிறகு அதிகாரி இருந்தார், சபைதான் இல்லை.

வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) பதவியின் வேர் 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கி, அந்த அலுவலரை ஒன்றியக் குழுவின் ஆணையராக்கியது. ‘கமிஷனர்’ என்று மக்கள் சொல்லிவந்தது அதனால்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட குழு தீர்மானிக்கும், ஆணையர் நிறைவேற்றுவார் என்பதே காமராஜர் கால ஏற்பாடு. தேர்தல் நின்றபோதெல்லாம் இந்த வரிசை தலைகீழானது. 1970க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1986இல்தான் நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 1991இல் முடிந்ததும் மீண்டும் ஐந்தாண்டு தனி அலுவலர்கள். மாநிலத்தை எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த ஏற்பாடு வசதியாகவே இருந்திருக்கிறது.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் இந்தக் கதையை முடித்திருக்க வேண்டும். ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது, அது முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243ஈ பிரிவு. தனி அலுவலர் என்ற பேச்சே அரசமைப்பின் ஒன்பதாம் பகுதியில் இல்லை. தமிழ்நாடு 1994இல் புதிய சட்டம் இயற்றி, 1996 அக்டோபரில் தேர்தல் நடத்தியது. அதே 1996இல்தான் ஹூண்டாய் நிறுவனம் இந்தியக் கிளையைத் தொடங்கி இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்ப முற்பட்டது. 1998இல் கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தேர்தல்கள் இடைவெளியின்றி நடந்த இருபது ஆண்டுகளும் இந்தத் தொழிற்பட்டி வளர்ந்த இருபது ஆண்டுகளும் ஒன்றே. ஊராட்சித் தலைவர் இருந்தால் ஆலை வராது என்று யாரும் வாதாட முடியாதபடி வரலாறு அமைந்துவிட்டது.

2016இல் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் நடப்பதாக இருந்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுகவின் ஆர்.எஸ். பாரதி வழக்குத் தொடுத்தார். அக்டோபர் 4 அன்று நீதிபதி என். கிருபாகரன் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்து, ஆண்டிறுதிக்குள் புதிதாகத் தேர்தல் நடத்தச் சொன்னார். அந்த மாதமே தலைவர்களின் காலம் முடிய, அதிமுக அரசு அவசரச் சட்டத்தின் வழியே தனி அலுவலர்களை நியமித்தது. வழக்கின் நோக்கம் ஒதுக்கீடு. விளைந்தது அலுவலர் ஆட்சி. ‘வழக்குப் போட்டு நிறுத்தியது நீங்கள்’ என்று ஆளுங்கட்சியும், ‘தோல்விக்கு அஞ்சித் தள்ளிப்போடுகிறீர்கள்’ என்று எதிர்க்கட்சியும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, நியமனம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்தது. 2017 நவம்பருக்குள் தேர்தலை முடிக்க உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. அதுவும் கடந்து போயிற்று. தொகுதி மறுவரையறை முடியட்டும் என்பது அடுத்த காரணம்.

2019 டிசம்பரில் மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தேர்தல் வந்தபோதும் இந்தத் தொழிற்பட்டிக்கு வரவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களிலும் அவற்றின் தாய் மாவட்டங்களிலும் முதலில் வரையறை நடக்கட்டும் என்று 2019 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டங்களை விலக்கிவைத்தது. அவற்றில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீத ஒதுக்கீடு தரும் சட்டத் திருத்தம் 2016 தொடக்கத்திலேயே நிறைவேறியிருந்தது. ஒரகடத்துப் பெண்கள் அதன் பயனைக் காண ஐந்தரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

தனி அலுவலருக்கு எதிரான வாதங்களைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டே பெரிதாக நிற்கின்றன: தேர்தல் நாள், மத்திய நிதி. முறையாக அமைந்த ஊராட்சிகளுக்கே பதினான்காவது நிதிக்குழு மானியம் என்பதால் தமிழ்நாட்டுக்குரிய தொகை நின்றது. அது பத்திரிகைகளில் பேசப்பட்டது. நான் முக்கியமாகக் கருதும் மூன்றாவது வாதம் அதிகம் பேசப்படவில்லை. ஊராட்சியின் கணக்கையும் வேலையையும் பார்வையிட வேண்டியவர் வட்டார வளர்ச்சி அலுவலர். சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர். அலுவலரே ஊராட்சியானபோது, பார்க்க வேண்டியவரும் பார்க்கப்பட வேண்டியவரும் ஒரே ஆள். அவருக்கு மேலே இருப்பவரும் அதே அரசின் அதிகாரி. குடிநீர்க் குழாய் ஏன் வரவில்லை என்று கேட்க ஊரார் தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போவது போய், பிடிஓ ஆபீசுக்குப் பஸ் ஏற வேண்டியதாயிற்று.

தொழிற்பட்டியில் இது சாதாரண இழப்பில்லை. வீட்டு வரியும் தொழில் வரியும் ஊராட்சிக்கு வரவேண்டியவை. அரசமைப்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை தொழில் வரியை அனுமதிக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலை தன் எல்லைக்குள் இருந்தால் ஊராட்சியின் கையில் எவ்வளவு சேரும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். (அந்த வரியைக் கட்டும் தொழிலாளி பெரும்பாலும் விடுதியில் தங்கும் வெளியூர்க்காரர். அவருக்கு அந்த ஊரில் வாக்கு இல்லை. அது தனியே எழுத வேண்டிய கதை.) அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது, ஏரி வாய்க்காலில் குப்பை கொட்டுவதை யார் தடுப்பது என்று உறுப்பினர்கள் கூடிச் சண்டைபோட்டு முடிவெடுக்க வேண்டிய மன்றமே ஐந்தாண்டு இல்லை.

மிஞ்சியது கிராம சபை. அதையும் 2020 அக்டோபர் 2 அன்று பெருந்தொற்றைக் காரணம் காட்டி அரசு நிறுத்தியது. அன்று பூந்தமல்லிக்கு அருகே கொரட்டூரில் திமுகவின் மு.க. ஸ்டாலின் தடையை மீறி மக்களைக் கூட்ட, வழக்குப் பதிவானது. அப்போது எதிர்த்தவர்களின் ஆட்சியில், 2025 ஜனவரியில், 28 மாவட்டங்களின் தலைவர்களுக்குக் காலம் முடிந்தபோது அங்கே பொறுப்பேற்றவர்களும் தனி அலுவலர்களே. இம்முறையும் காரணம் எல்லை மாற்றமும் மறுவரையறையும். எதிர்ப்பு தேதியைப் பற்றியதாக மட்டுமே இருந்ததால், ஆட்சிக்கு வந்ததும் அதைக் கைவிடுவது எளிதாக இருந்திருக்கிறது என்பது என் கணிப்பு. தனி அலுவலர் எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது, எத்தனை மாதம் இருக்கலாம் என்ற கேள்வியை இரு கழகங்களும் முதன்மையாக்கவில்லை.

2021இல் தாமதமாகத் தேர்தல் நடந்ததால் காஞ்சிபுரம் மாவட்டம் 2025 நியமனத்திலிருந்து தப்பியது. அங்குள்ள தலைவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. இதே மாவட்டத்தில், தொழிற்பட்டிக்கு மேற்கே, பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் கேட்கப்படும் 13 ஊர்களில் ஏகனாபுரமும் ஒன்று. 2022 ஆகஸ்ட் முதல் அவ்வூர்க் கிராம சபை அந்தத் திட்டத்தை எதிர்த்துத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டுவருகிறது. கிராம சபையைக் கூட்டுவது தலைவரின் கடமை. தலைவரின் இடத்தில் தனி அலுவலர் உட்காரும் நாளில், அரசின் திட்டத்தை எதிர்க்கும் தீர்மானத்தைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, அதன் கீழே கையெழுத்திட வேண்டியவர் அரசு ஊழியராக இருப்பார்.