மண் அடுப்புப் பேணல், மழைக்காலத்து (திருவக்கரை வட்டாரம்)

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், வராக நதி எனப்படும் சங்கராபரணியின் கரையில் இருக்கிறது திருவக்கரை. இவ்வூரிலும் அதைச் சூழ்ந்த மயிலம், திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலும் ஐப்பசி முதல் தை வரை வீட்டு மண் அடுப்பை ஈரம் தாக்காமல் காக்கச் செய்யும் வேலைகள் இத்தலைப்பில் அடங்கும். மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால் இங்கே குளிர் பெரிய தொல்லையன்று. வடகிழக்குப் பருவமழையே தொல்லை. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. திருவக்கரையின் புகழ்பெற்ற மரங்களோ எந்த அடுப்புக்கும் உதவா. அவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த கல்மரங்கள்.

வரலாறு: இவ்வட்டாரத்து அடுப்பு பற்றிய பழஞ்செய்தி சிறுபாணாற்றுப்படையில் கிடைக்கிறது. அந்நூலின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. அவனது எயிற்பட்டினத்தில் அலை ஒதுக்கிய மணமரக் கட்டைகளை விறகாக்கித் தீ மூட்டியதை நூல் சொல்கிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர். பாணனின் வறுமையைக் காட்டும் இடத்தில் அதே நூல், சமையல் மறந்த அட்டிலில் காளான் பூத்திருந்ததையும் காட்டுகிறது. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனாரும் குமணனிடம் இதையே முறையிடுகிறார். அங்கே காளான் பூப்பது அடுப்பிலேயே. தீ இல்லாத அடுப்பை ஈரம் பிடித்துக்கொள்ளும் என்பதைப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். நெடுநல்வாடையில் கூதிர்க்காலத்து மக்கள் அகன்ற வாயுடைய தடவில் நெருப்பிட்டுக் குளிர்காய்கின்றனர். வீட்டைச் சூடாக்கும் கலம் என்றால் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு அதுவே போதும்.

வகைகள்: ஒரே வாய் உடையது ஒற்றை அடுப்பு. அதன் பக்கவாட்டில் துளைவழி அனல் வாங்கும் துணையடுப்போடு கூடியது கொடியடுப்பு. சோறு முதன்மை அடுப்பில் வேக, குழம்போ வெந்நீரோ கொடியில் சுடும். கல்யாணத்துக்கும் நெல் அவிக்கவும் கோட்டை அடுப்பு. கரிக்குக் குமுட்டி. உமியையும் மரத்தூளையும் திணித்து எரிக்கும் அடுப்புகள் தனி இனம். இவற்றுள் கொடியடுப்பே சிக்கனமானது. ஒரே விறகில் இரண்டு பாத்திரம் ஏறும். மழைக்காலத்தில் முதலில் மக்கர் செய்வதும் அதுதான். ஈர விறகின் கரி துளையில் படிந்து அடைத்தால் அனல் கொடிக்குப் போகாமல் வாய்வழியே புகையாகத் திரும்பும். வாரம் ஒருமுறை குச்சி விட்டுத் துளையைக் குடைந்துவிட வேண்டும்.

பேணும் முறை: புரட்டாசி வெயில் இருக்கும்போதே ஏரிக் களிமண்ணில் உமியும் பொடித்த வைக்கோலும் சேர்த்து ஊறவைத்து மிதித்து, அடுப்பின் உடைந்த விளிம்பைக் கட்டுவர். முதலில் பார்க்க வேண்டியது குமிழ்களை. பானை உட்காரும் இந்த மூன்று மேடுகளும் தேய்ந்துவிட்டால் பானை அடுப்போடு ஒட்டிக்கொள்ளும். சுடருக்கு வெளியேற வழியில்லாமல் தீ மூச்சுமுட்டும். இரண்டு விரல் உயரம் இருந்தால் சரி. புது மண் உலரும்முன் பெருந்தீ மூட்டினால் பிளக்கும். மயிரிழை வெடிப்புகளைச் சாணமும் செம்மண்ணும் கலந்து மெழுகினாலே மூடிவிடலாம்.

தினமும் காலையில் சாம்பலை அள்ளும்போது அடியில் கொஞ்சம் விட்டுவைப்பர். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது தாங்கும். அடைமழை நாட்களில் இரவுச் சமையல் முடிந்ததும் ஒரு வறட்டியைக் கங்கில் வைத்துச் சாம்பலால் மூடினால் விடியும்வரை கனன்று அடுப்பைக் காய்த்துவிடும். மறுநாள் விறகை அடுப்போரம் அடுக்கி உலர்த்துவதும் உண்டு. ஒட்டி அடுக்கினால் குடிசை போய்விடும். முழங்கை நீளம் தள்ளி அடுக்க வேண்டும். ஈர விறகில் சூட்டின் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஆகவே சவுக்கு மிளாறு, வேலிக்காத்தான், மல்லாட்டைத் தோல், பனைமட்டை ஆகியவற்றை ஆவணியிலேயே பரணேற்றிவிடுவர். புகை கண்ணைக் கரிக்கும், நெஞ்சுக்கும் கேடு. ஆனால் கூரைக் கீற்றைப் பூச்சி அரிக்காமல் காத்ததும் அதே புகைதான். அடுப்பைப் பழிப்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

சீர்திருத்தங்கள்: எஸ். பி. ராஜு ஐதராபாத்தில் வடிவமைத்த புகையில்லா அடுப்பு பற்றிய நூல் 1953இல் வெளிவந்தது. நடுவண் அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1980களில் தொடங்கியது. அத்திட்ட அடுப்பின் புகைபோக்கியில் சேரும் கரியைத் தட்டி எடுப்பது வீட்டாருக்குப் புது வேலையாயிற்று.

இன்றைய நிலை: தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்துக்கும் 2016இல் வந்த உஜ்வலா திட்டத்துக்கும் பிறகு பெரும்பாலான வீடுகளில் சிலிண்டர் உண்டு, மண் அடுப்பு வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் கொல்லைப்புறத்தில் எரிகிறது.