இலக்கைக் காத்தவர்



பெரம்பலூரில் ஒரு பள்ளியில் நான் வரலாறு கற்பித்து வருகிறேன். மாலைப் பொழுதில் மாணவர்கள் ஹாக்கி ஆடுவதைக் கண்டு நிற்பது என் வழக்கம். அணி பிரிக்கும்போது, ஓட்டத்தில் பின்தங்கிய சிறுவனையே இலக்குக் காவலுக்கு நிறுத்துவார்கள். அவன் முகமும் உடனே வாடிவிடும். அண்மையில் அவ்வாறு நிறுத்தப்பட்ட ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, கோல் போட்டவன் பெயரைப் பத்திரிகையில் போடுகிறார்கள், தடுத்தவன் பெயரை யார் போடுகிறார்கள்?" என்று கேட்டான். அவ்வினாவிற்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. விடை தேடிச் சென்ற வழியில் நான் அறிந்துகொண்ட ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ரங்கநாதன் பிரான்சிஸ்.

தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறி வாழ்ந்த இரங்கூனில் 1920ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். 1948இல் லண்டன், 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்போர்ன் என அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் விழாக்களில் இந்திய ஹாக்கி அணியின் இலக்குக் காவலருள் ஒருவராக விளங்கினார். மூன்றிலும் இந்தியா தங்கம் வென்றது. மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற இந்தியர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம்மவர் என்பதை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

அம்மூன்று விழாக்களின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். இந்தியா ஆடிய ஆட்டங்கள் 13. போட்ட கோல்கள் 76. வாங்கியவை நான்கே நான்கு. லண்டனில் இரண்டு, ஹெல்சிங்கியில் இரண்டு. மெல்போர்னில் ஐந்து ஆட்டங்களில் 38 கோல்கள் போட்ட இந்தியா, ஒன்றைக்கூட வாங்கவில்லை. ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் பல்பீர் சிங் தனியொருவராக ஐந்து கோல் போட்டதை விளையாட்டு நூல்கள் இன்றும் கூறுகின்றன. அது தகும். ஆனால், இலக்கின் வாயில் வரை வந்து திரும்பிய பந்துகள் எத்தனை? அவற்றிற்கு அந்நாளில் எவரும் ஏடு வைக்கவில்லை. தடுக்கப்பட்ட கோல் நிகழாத நிகழ்ச்சி. நிகழாததை வரலாறு எழுதுவதில்லை.

அதனினும் அரியது மற்றொன்று. அணியில் காவலர் இருவர் இருப்பினும், களத்தில் நிற்பவர் ஒருவரே. லண்டன் இறுதி ஆட்டத்தில் நின்றவர் லியோ பிண்டோ. மெல்போர்ன் இறுதி ஆட்டத்தில் நின்றவர் மௌ நகரைச் சேர்ந்த இளைஞர் சங்கர் லட்சுமண். அவ்விரண்டு நாட்களிலும் பிரான்சிஸ் வெளியே இருந்து தம் தோழரின் காவலைப் பார்த்திருந்தார். ஆடுவதற்கு ஆயத்தமாக இருந்தும், பிறர் ஆடுவதைக் கண்டு மகிழ்வது எளிய பண்பன்று.

அக்காலத்துக் காவலருக்கு முகத்தைக் காக்கும் கவசமும் இல்லை. கால்களுக்குக் கட்டும் பட்டைகளும் கையுறைகளுமே துணை. குளிர்நாடுகளில் பனித்தரையில் ஆடப்படும் ஹாக்கியிலும் இதே நிலைதான் இருந்தது. கனடா நாட்டின் மாண்ட்ரியல் அணியைச் சேர்ந்த ழாக் பிளாண்ட் என்னும் காவலர், 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்ட பின்னரே முகமூடியுடன் களத்திற்குத் திரும்பினார். அதன் பிறகே அவ்வழக்கம் அங்கு வேரூன்றியது. தரை வேறு, காவலரின் துன்பம் ஒன்றே.

தடுத்த பந்துகளை மறக்கும் உலகம், தவறவிட்ட ஒன்றை மறப்பதில்லை. 1928 முதல் ஒலிம்பிக் ஹாக்கியில் தோல்வியே காணாத இந்தியா, 1960இல் உரோம் நகரில் பாகிஸ்தானிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. அன்று இலக்கில் நின்றவர் லட்சுமண். நான்காண்டுகள் அந்த ஒரு கோலைச் சுமந்து, 1964இல் டோக்கியோவில் அதே பாகிஸ்தானை ஒரு கோல்கூடப் போடவிடாமல் காத்து நின்று, தங்கத்தை மீட்ட அணியில் அவர் இருந்தார்.

இங்கே எங்கள் ஊர்ப்பக்கத்துத் துயரம் ஒன்று என் நினைவிற்கு வருகிறது. மெல்போர்ன் ஒலிம்பிக் 1956 நவம்பர் 22 அன்று தொடங்கியது. மறுநாள் விடியற்காலையில், வெள்ளம் பெருகிய மருதையாற்றில், அரியலூருக்கு அருகே தூத்துக்குடி விரைவு வண்டி வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்நாளைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் தாழ்த்தியே பேசுவார்கள். அத்துயரில் மூழ்கியிருந்த எம்மவர்க்கு, டிசம்பர் 6 அன்று கடல் கடந்த மெல்போர்னில் தமிழர் ஒருவர் மூன்றாம் தங்கம் பெற்ற செய்தி எட்டியிருந்தாலும், அதைக் கொண்டாட மனம் இருந்திராது.

அந்த ஒரு விடியலை நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும் மழையிரவுகளில் விளக்கேந்தித் தண்டவாளத்தைப் பார்த்துவரும் கேங்மேனின் விழிப்பினால் தீங்கின்றிக் கடந்துபோன இரவுகள் எத்தனையோ உண்டு. அவற்றிற்கு நினைவுச் சின்னம் இல்லை. ஊர் உறங்கி எழுந்ததே அவற்றின் சின்னம்.

ரங்கநாதன் பிரான்சிஸ் 1975ஆம் ஆண்டில் மறைந்தார். என் மாணவனுக்கு அவருடைய கதையையும் அந்த நான்கு கோல் கணக்கையும் சொன்னேன். அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் சைபர் என்பதும் ஒரு கணக்குத்தானே, ஐயா?" என்றான். ஆம், அதுவும் ஒரு கணக்கே. அக்கணக்கைப் படிக்கக் கற்பதும் வரலாற்றுக் கல்வியின் ஒரு பகுதி என்று அவனிடமிருந்து நான் அறிந்துகொண்டேன். மறுநாள் மாலை அவன் யாரும் சொல்லாமலே இலக்கின் முன் சென்று நின்றான்.