பெரியப்பாவுக்குக் கொடுத்த ஒரு யூனிட்

கம்பத்துல இருந்து பெரியப்பாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணினோம். ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. பதிலுக்கு நான் ஒரு யூனிட் கொடுத்தேன். ரெண்டே வருஷத்துல நோய் திரும்பிடுச்சு. அப்பத்தான் நெட்ல மேஞ்சப்போ, ரத்தம் ஏத்தினா புற்றுநோய் திரும்பும்னு ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. தூக்கம் போச்சு மக்களே.

கதை சிறுநீரகத்துல ஆரம்பிக்குது. முன்கூட்டியே ரத்தம் ஏத்திக்கிட்டவங்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் நல்லாவே ஒட்டிக்குதுன்னு 1973-ல ஓபெல்ஸ், தெரசாகி ரெண்டு பேரும் காட்டினாங்க. அடுத்தவங்க ரத்தம் நம்ம எதிர்ப்பு சக்தியைத் தட்டி வைக்குதோ? அப்படின்னா புற்றுநோய்க்கு? 1982-ல பரோஸும் டார்ட்டரும், ரத்தம் ஏறின குடல் புற்று நோயாளிகளுக்கு நோய் அதிகமா திரும்புதுன்னு லான்செட்ல எழுதினாங்க.

பொட்டி தட்டுறவனுக்கு இங்க சந்தேகம் வரணும். ரத்தம் யாருக்கு ஏத்துவாங்க? ஏற்கனவே சோகை உள்ளவங்களுக்கு, ஆபரேஷன் சிக்கலானவங்களுக்கு. நெதர்லாந்துக்காரங்க இதைப் பிரிச்சுப் பார்த்து 1993-ல வெளியிட்டாங்க. 475 பேர், ஒரு பிரிவுக்கு அடுத்தவங்க ரத்தம், இன்னொண்ணுக்கு முன்னாடியே எடுத்து வெச்ச சொந்த ரத்தம். 4 வருஷத்துல அந்த நோய்க்குத் தப்பினவங்க 67%, 62%. சொந்த ரத்தக்காரங்கதான் 62! எந்த ரத்தமா இருந்தாலும், ஏத்தவேண்டி வந்தவங்களுக்குத்தான் நோய் அதிகம் திரும்பிச்சு.

வழக்கு இன்னும் முழுசா முடியலை. அதனால டாக்டர்கள் முன்னாடியே இரும்புச்சத்து கொடுத்து, முடிஞ்சவரை ரத்தத்தைக் குறைக்கப் பார்க்கிறாங்க.

இன்னொண்ணு லேட்டாத்தான் உறைச்சுது. நான் கொடுத்தது பிளட் பேங்க் கணக்குக்கு மாத்து ரத்தம், யாருக்குப் போச்சோ! பெரியம்மா மட்டும் இன்னைக்கும் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட, "எம்புள்ள ரத்தம் குடுத்தான்"னுதான் சொல்லிட்டிருக்காங்க.