சிட்டிங் புல்: ஒரு நடனத்துக்கு அஞ்சிய அரசு

கௌபாய் காமிக்ஸிலும் ஹாலிவுட் படங்களிலும் நாம் பார்த்துப் பழகிய 'செவ்விந்தியர்' முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு, கூச்சலிட்டபடி வண்டிகளைத் தாக்குபவர். அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, தாக்குவதற்கு ஒரு காரணமும் கிடையாது. அந்தச் சொல்லே, இந்தியாவை அடைந்துவிட்டதாக நம்பிய ஒரு மாலுமியின் பிழையில் பிறந்தது. அம்மக்களுக்குத் தங்கள் மொழியில் தங்களுக்கான பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று லக்கோட்டா. பிறர் சூட்டிய பெயரால் அழைக்கப்படுவது எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, இக்கட்டுரையில் அவர்களை லக்கோட்டா என்றே அழைப்போம்.

இவர்களின் வரலாறு நமக்கு அந்நியமானதும் அல்ல. ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி'யை வெளியிட்டபோது, அமெரிக்கப் பூர்வகுடிகள்மீது ஐரோப்பியக் குடியேறிகள் இழைத்த கொடுமைகளை அதன் முன்னுரையில் குறிப்பிட்டு, இந்த மண்ணின் மக்கள் அனுபவித்தவற்றோடு ஒப்பிட்டார். அந்தக் கொடுமைகள் அப்போது பழங்கதையாகிவிடவில்லை. அடுத்த மூன்றாண்டுகளில் லக்கோட்டாக்களின் நிலத்துக்காக ஒரு பெரும்போர் மூண்டது. அதன் மையத்தில் நின்றவர் தத்தாங்கா இயோத்தகே. உலகம் அவரை சிட்டிங் புல் என்று அறியும்.

அவர் 1831ஆம் ஆண்டுவாக்கில், இன்றைய தெற்கு டகோட்டாவின் கிராண்ட் ஆற்றுப் பகுதியில், லக்கோட்டாக்களின் ஹங்க்பாப்பா பிரிவில் பிறந்தார். எதையும் நிதானமாகச் செய்யும் பிள்ளை என்பதால் சிறுவயதில் 'மெதுவானவன்' என்று அழைத்தார்கள். 14 வயதில் முதன்முதலாகச் சண்டையில் துணிவு காட்டியபோது, தந்தை தன்னுடைய பெயரையே மகனுக்குக் கொடுத்தார். அமர்ந்திருக்கும் ஆண் காட்டெருமை என்பது அப்பெயரின் பொருள்.

அவர் போர்வீரர் மட்டும் அல்லர். லக்கோட்டாக்கள் 'விச்சாஷா வாக்கான்' என்று போற்றும் புனித மனிதர்களில் ஒருவர். அந்த மரபில் ஆன்மிகத் தலைமை என்பது மக்களைவிட உயரமான பீடத்தில் உட்காருவது அல்ல. விரதமிருந்து, மக்களுக்காகத் தன் உடலை வருத்திக்கொண்டு, காட்சி கண்டு, அதைச் சமூகத்தின் முன் வைப்பது. கொடைகுணம் இல்லாதவரைத் தலைவராக அங்கே யாரும் மதிப்பதில்லை.

1868இல் லாரமி கோட்டையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. லக்கோட்டாக்கள் புனிதமாகக் கருதும் கருங்குன்றுகள் உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு அவர்களுக்கே உரியது என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிடாமல் அந்த நிலத்தில் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் எழுதப்பட்டது. சிட்டிங் புல் அதில் கையெழுத்திடவில்லை. 1874இல் கஸ்டர் தலைமையில் சென்ற படை கருங்குன்றுகளில் தங்கம் இருப்பதாக அறிவித்தது. தங்கம் தேடுவோர் கூட்டம் கூட்டமாக உள்ளே நுழைந்தனர். குன்றுகளை விலைக்கு வாங்க முயன்ற அரசு, அது நடக்காதபோது, 1876 ஜனவரி 31க்குள் எல்லோரும் அரசு முகாம்களுக்கு வந்துவிட வேண்டும், வராதவர்கள் எதிரிகள் என்று உத்தரவிட்டது. சொந்த நிலத்தில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே உத்தரவில் குற்றவாளிகளானார்கள்.

அந்த ஜூன் மாதம் ரோஸ்பட் ஓடைக்கரையில் சூரிய நடனம் நடந்தது. சிட்டிங் புல் தன் இரு கைகளிலிருந்தும் நூறு சிறு தசைத்துண்டுகளைக் காணிக்கையாக அளித்து, மயங்கும்வரை ஆடினார். படைவீரர்கள் தலைகீழாகத் தங்கள் முகாமில் வந்து விழுவதாக அவர் கண்ட காட்சி மக்களுக்கு உறுதி தந்தது. ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரும் அவரது படையினர் 260க்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டனர். பத்திரிகைகள் இதைப் படுகொலை என்று எழுதின. பெண்களும் குழந்தைகளும் இருந்த முகாமைத் தாக்க வந்தது யார் என்ற கேள்வியை அவை கேட்கவில்லை.

தோல்விக்குப் பழிவாங்க அரசு பசியை ஆயுதமாக்கியது. கருங்குன்றுகளை ஒப்படைக்காவிட்டால் உணவுப்பொருள் கிடையாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அப்படியும் பத்தில் ஒரு பங்கு ஆண்களிடம் மட்டுமே கையொப்பம் வாங்க முடிந்தது. ஒப்பந்தம் கேட்ட நான்கில் மூன்று பங்கு எங்கே, இது எங்கே? இருந்தும் 1877இல் குன்றுகள் பறிக்கப்பட்டன. சிட்டிங் புல் தன் மக்களோடு கனடாவுக்குள் சென்றார். அங்கே அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்படவில்லை. வேட்டைக்காரர்கள் காட்டெருமைகளைக் கொன்று குவித்திருந்ததால் உணவும் இல்லை. பட்டினியால் வாடிய 200க்கும் குறைவானவர்களுடன் 1881 ஜூலையில் அவர் சரணடைந்தார். ஏறக்குறைய இரண்டாண்டுகள் கைதியாக வைக்கப்பட்ட பிறகு ஸ்டாண்டிங் ராக் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

1885இல் பஃபலோ பில் நடத்திய காட்சிக்குழுவில் நான்கு மாதங்கள் இருந்தார். வாரத்துக்கு 50 டாலர் ஊதியம். அதில் பெரும்பகுதியை நகரத் தெருக்களில் கண்ட ஏழைகளுக்குக் கொடுத்தார். இத்தனை செல்வம் குவிந்த நாட்டில் பசித்த குழந்தைகள் இருப்பது அவருக்கு விளங்கவே இல்லை. முகாமுக்குத் திரும்பியதும், லக்கோட்டா நிலத்தைத் துண்டாக்கி சுமார் 90 லட்சம் ஏக்கரைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்ட 1889ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்.

இதற்கிடையில் 1883இல் வந்த விதிகள் சூரிய நடனத்தையும் பூர்வகுடி மருத்துவர்களின் சடங்குகளையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியிருந்தன. நிலத்தைப் பறித்த அரசு எதற்காகச் சடங்கையும் பறிக்க வேண்டும்? காரணம் எளிது. ஆடும் இடத்தில் மக்கள் கூடுகிறார்கள். கூடும் இடத்தில் தாங்கள் யார் என்பதை நினைவுகூர்கிறார்கள். 1890இல் நெவாடாவைச் சேர்ந்த வோவோக்கா என்ற பையூட் ஞானியின் ஆவி நடனம் லக்கோட்டாக்களிடம் பரவியது. இறந்தவர்கள் திரும்புவார்கள், காட்டெருமைகள் திரும்பும் என்பது அதன் நம்பிக்கை. சிட்டிங் புல் அதைத் தொடங்கியவர் அல்லர். ஆனால் தன் இடத்தில் ஆடுவதைத் தடுக்க மறுத்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

டிசம்பர் 15 விடியற்காலையில் அவரைக் கைது செய்ய வந்தவர்கள் லக்கோட்டா காவலர்கள். அவரைச் சுட்டதும் அவர்களே. அவரோடு அவருடைய பதின்வயது மகன் குரோ ஃபுட்டும் ஆதரவாளர்களும் மாண்டனர். காவலர்களிலும் பலர் மாண்டனர். இரண்டு பக்கமும் ஒரே இனத்தின் பிணங்கள். இதைத் 'துரோகம்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. முகாமில் பிழைக்க வேறு வழியில்லாதவர்களுக்குச் சீருடையும் சம்பளமும் கொடுத்து, சொந்த மக்கள்மீதே ஏவிய ஏற்பாட்டை நாம் பார்க்கத் தவறக்கூடாது. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 29 அன்று, வூண்டட் நீயில் ராணுவம் 250 முதல் 300 லக்கோட்டாக்களைச் சுட்டுக் கொன்றது. பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களும் குழந்தைகளும். சுட்ட வீரர்களில் சுமார் 20 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது.

ஆனால் நடனம் சாகவில்லை. 1973இல் அதே வூண்டட் நீயை அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் 71 நாட்கள் கைப்பற்றி வைத்திருந்தபோது, லியோனார்ட் குரோ டாக் என்ற லக்கோட்டா ஆன்மிகத் தலைவர் ஆவி நடனத்தை மீண்டும் நடத்தினார். 1978இல் பூர்வகுடிகளின் வழிபாட்டுரிமைக்குச் சட்டம் வந்தது. 1980இல், கருங்குன்றுகள் உரிய இழப்பீடின்றிப் பறிக்கப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, வட்டியுடன் 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. இன்று அத்தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வறுமையில் வாழும் அம்மக்கள் அதில் ஒரு காசைக்கூடத் தொடவில்லை. வாங்கினால் விற்றதாகிவிடும் என்பது அவர்களின் பதில். 2016இல் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் திரண்டதும் சிட்டிங் புல் வாழ்ந்த அதே ஸ்டாண்டிங் ராக்கில்தான். குழாய் பதிக்கப்பட்டுவிட்டது; எண்ணெய் ஓடுகிறது. அவர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

போராட்டம் என்றால் மனுவும் ஊர்வலமும் மட்டும்தான் என்று நினைக்கும் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பறையை, நம் பாட்டை, நம் முன்னோரை நினைக்கும் நாளை ஓர் அதிகாரி தடுக்கும்போது, அவர் வெறும் சத்தத்தைத் தடுக்கவில்லை. சிட்டிங் புல்லைக் கைது செய்ய ஆள் அனுப்பியவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.