சீன தேசிய விமான நிறுவனம்

சீன அரசும் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனமும் 1930களில் கூட்டாக நடத்திய பயணிகள் விமான சேவை. 1938 ஆகஸ்ட் 24 அன்று ஹாங்காங்கிலிருந்து கிளம்பிய இதன் 'குய்லின்' விமானத்தை ஜப்பானியப் போர் விமானங்கள் விரட்டிச் சுட்டன. விமானி ஹியூ வுட்ஸ் அதை ஆற்றில் இறக்கினார். மிதந்தபோதும் சூடு ஓயவில்லை. அவரையும் சேர்த்துப் பிழைத்தவர்கள் மூவரே.

1941இல் நடந்தது விநோதம். குண்டுவீச்சில் வலது இறக்கை போன, இந்நிறுவனத்தின் டிசி-3 விமானத்துக்கு, டிசி-2 ரக விமானத்தின் இறக்கையை இன்னொரு விமானத்தின் வயிற்றடியில் கட்டிக் கொண்டுவந்து மாட்டினார்கள். 5 அடி குட்டை, ஆனாலும் பறந்தது! 'டிசி-இரண்டரை' என்று பெயரும் வாங்கியது. 1942 முதல் நிறுவனத்தின் விமானிகள் அசாமிலிருந்து இமயத் தொடரைத் தாண்டி குன்மிங்குக்குச் சரக்கு சுமந்தனர்.

1938இல் சுடப்பட்டு ஆற்றில் இறங்கிய குய்லினோ, மீட்கப்பட்டு 'சோங்கிங்' என்ற புதுப்பெயரில் பறந்து, 1940இல் மறுபடியும் ஜப்பானியரிடம் சிக்கி அழிந்தது.