சோம்பலின் விசை

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் நாம் ஒரு பிழை செய்தோம். இறைவன் உளன் என்பதற்குப் புனித தோமாஸ் அக்குவினாஸ் காட்டிய ஐந்து வழிகளுள் முதலாவது, 'மோத்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லில் தொடங்குகிறது. அதனை 'இயக்கம்' எனப் பெயர்த்துக்கொண்டு, உருளும் பந்தை மனத்தில் நிறுத்தினோம். தடையில்லாப் பந்து தானே சென்றுகொண்டிருக்கும் என நியூட்டனிடம் கற்றிருந்த நமக்கு, புனிதரின் வாதம் அன்றே தகர்ந்துவிட்டதாகத் தோன்றிற்று.

தவறு சொல்லில் இருந்தது. அரிஸ்டாட்டில் வழிவந்த அச்சொல் இடப்பெயர்ச்சியை மட்டும் குறிப்பதன்று. காய் கனிவதும் மோத்துஸ். விறகு சூடேறுவதும் மோத்துஸ். அக்குவினாஸ் அவ்விடத்தில் தரும் எடுத்துக்காட்டே நெருப்பால் சூடாகும் விறகுதான்! நாம் அதைப் படித்தும் கவனிக்கவில்லை.

இடப்பெயர்ச்சியைப் பற்றிய சொற்களும் எளிதில் பிறந்தவை அல்ல. கையைவிட்டு நீங்கிய கல் ஏன் தொடர்ந்து செல்கிறது? சூழ்ந்த காற்றே தள்ளுகிறது என்றார் அரிஸ்டாட்டில். 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ அறிஞர் யோவான் பிலோப்போனுஸ் அதை மறுத்தார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் புரிடான் ஓர் எந்திரக்கல்லைச் சுட்டினார். கையை எடுத்தபின்னும் அது நின்ற இடத்திலேயே சுழல்கிறதே, காற்று எங்கிருந்து தள்ளும்? எறிபவன் பொருளினுள் பதிக்கும் ஆற்றலுக்கு அவர் 'இம்பெத்துஸ்' எனப் பெயரிட்டார். பொருளின் அளவும் விரைவும் மிகுந்தால் அதுவும் மிகும், தடையின்றேல் குன்றாது.

அவர் அங்கும் நிற்கவில்லை. வான்கோளங்களைச் சுழற்ற வானதூதர் வேண்டுவதில்லை, படைப்பின்போது இறைவன் இட்ட இம்பெத்துசே போதும் என எழுதி, முடிவை இறையியலாரிடம் விட்டார். (அவர் இறையியல் பீடத்தைச் சேராதவர், பணிவோ, முன்னெச்சரிக்கையோ!) இன்றைய 'உந்தம்' இதுவே எனச் சிலர் கூறுவர். நாம் உடன்படோம். புரிடானுக்கு இம்பெத்துஸ் இயக்கத்தின் காரணம். இன்றைய இயற்பியலுக்கு உந்தம் இயக்கத்தின் அளவு.

அடுத்த சொல்லின் கதை வேடிக்கையானது. இலத்தீனில் 'இனேர்சியா' என்றால் சோம்பல். பருப்பொருள் ஓய்வையே நாடும் எனக் கருதிய கெப்ளர், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை இயற்பியலுக்குள் கொணர்ந்தார். 1687-இல் நியூட்டன் அதே சொல்லை எடுத்தாண்டார். ஆனால் ஓய்ந்திருப்பது மட்டுமன்றி, நேர்கோட்டில் சீராக விரைவதும் அதனுள் அடங்கிற்று. 'சோம்பலின் விசை' என்றே அவர் எழுதினார். ஓயாது ஓடுவதும் சோம்பலாயிற்று!

நம் பாடநூல்கள் அதனை 'நிலைமம்' என்கின்றன. 'நிலை'யினின்று பிறந்த அச்சொல்லில் சோம்பலின் சுவடு இல்லை.