கியூபாவின் பழைய மோட்டார்களும் கம்மியர் கைத்திறனும்

பெருந்தேரின் ஓட்டத்திற்குச் சிறிய அச்சாணி இன்றியமையாததாதல் போல, மோட்டார் வண்டியின் ஓட்டத்திற்கும் கண்ணிற்படாத சிற்றுறுப்புக்கள் சில இன்றியமையாதனவாம். அவ்வுறுப்புக்கள் ஒரு நாட்டிற்கு வாராது நின்றுவிடின் அந்நாட்டார் என் செய்வர்? இவ்வினாவிற்குக் கியூபாத் தீவின் வரலாறு தக்க விடை தருகின்றது. அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

கியூபா, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடிக்கு ஏறத்தாழ 90 மைல் தொலைவிலுள்ள தீவு. 1950-ஆம் ஆண்டையடுத்த காலத்தில் ஷெவர்லே, போர்டு, ப்யூக், பிளிமத் முதலிய அமெரிக்க வண்டிகள் அங்கே மிகுதியாக இறக்குமதியாயின. 1959 சனவரியில் பிடல் காஸ்ட்ரோவின் தலைமையில் புரட்சி வென்றது. பின்னர் இரு நாட்டிற்கும் பகை மூண்டது. 1960 அக்டோபரில் ஐசனோவர் அரசாங்கம், உணவும் மருந்தும் ஒழிந்த பிற பொருள்களின் ஏற்றுமதியைத் தடுத்தது. 1962 பிப்ரவரியில் கென்னடி அத்தடையை வாணிகம் முழுவதற்கும் விரித்தார். புதிய வண்டிகளின் வரவு நின்றது. பழைய வண்டிகளுக்குரிய உறுப்புக்களின் வரவும் நின்றது. ஆயினும் வண்டிகள் நிற்கவில்லை.

அவ்வண்டிகள் பலவற்றில் கியர்க் கோல் தரையில் இராது. ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தே நீண்டிருக்கும். நம் நாட்டுப் பழைய அம்பாசடரிலும் பியட்டிலும் இவ்வமைப்பைக் கண்டவர் நம்முட் பலராவர். தண்டின் அடியில் சிறு நெம்புகோல்கள் இரண்டு உள. ஒவ்வொன்றினின்றும் ஓர் இரும்புக் கம்பி சென்று கியர்ப் பெட்டியின் பக்கத்தைச் சேரும். ஒரு கம்பி முதற் கியரையும் பின்செல்லும் கியரையும் ஆள்வது. மற்றது இரண்டாவதையும் மூன்றாவதையும் ஆள்வது. கம்பி பொருந்தும் துளைகளில் தேய்வைத் தாங்குதற்கு ‘புஷ்’ என்னும் சிறு வளையம் இடப்படும்.

காற்காசு பெறாத இவ்வளையம் தேயுமாயின் துளை நீள்வட்டமாகும். நெம்புகோல்கள் தம் நிலை பிறழும். ஈற்றில் இரண்டு கியர்களும் ஒருங்கே பற்றிக்கொள்ள, வண்டி நடுத்தெருவில் அசைவற்று நிற்கும். ஓட்டுநர் இறங்கி, மூடியைத் திறந்து, நெம்புகோல்களைக் கையால் அசைத்து விடுவித்தல் வேண்டும். ‘அல்மெண்ட்ரோன்’ என்று வழங்கும் இப்பழவண்டிகளில் பயணிகளை ஏற்றிப் பிழைப்போர்க்கு அஃது அற்றைநாட் கூலியை இழத்தலாம்.

உறுப்பு விலைக்குக் கிடையாதபோது கடைசற்காரரே புகல். தேய்ந்த உறுப்பு தன் பழைய அளவைத் தானே காட்டாது. ஆதலின் உராய்வு படாத ஓரத்தை அளந்து முதலளவை உணர்தல் வேண்டும். பின்னர் வெண்கலக் கோலை லேத்தில் ஏற்றி வளையத்தைக் கடைவர். ஆணி தேய்ந்திருப்பின் பற்றவைத்துப் பருக்கச் செய்து மீண்டும் கடைவர். வளையம் ஆணியினும் மெல்லியதாதல் வேண்டும். தேய்வது வளையமாயின் அதனை மாற்றுதல் எளிது. கம்பி முறிந்திருப்பின் மெல்லிய கம்பியால் முதலில் மாதிரி வளைத்துப் பார்த்து, அதற்கியைய இரும்புக்கோலை வளைத்து, முனையில் மரையிடுவர். இறுதியில் நெம்புகோல்கள் இரண்டையும் எந்தக் கியரும் பற்றாத நடுநிலையில் நிறுத்தி, மரையைத் திருகிக் கம்பியின் நீளத்தை அமைப்பர். இவ்வமைப்பு சிறிது பிழைப்பினும் முன்செய்த வேலையனைத்தும் வீணாம்.

சோவியத்து நாட்டினின்று வால்கா, மாஸ்க்விச், லாடா முதலிய வண்டிகள் வந்தபின், அவற்றின் எஞ்சின்களை அமெரிக்க வண்டிகளிற் பொருத்தினாரும் உளர். கியர்ப் பெட்டியும் மாறியவிடத்துப் பழைய கம்பிகள் பொருந்தாவாதலின், அவற்றைப் புதியனவாக வகுத்தல் வேண்டியதாயிற்று. 1991-இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தபின் வறுமை மிக்கது. அப்போதும் இத்தொழிலே வண்டிகளைக் காத்தது. மேலும், 2011 வரையில் புரட்சிக்கு முன்னரே நாட்டிலிருந்த வண்டிகளைத்தாம் மக்கள் தடையின்றி விற்கவும் வாங்கவும் இயன்றது. ஆதலின் பழைய வண்டி ஒரு குடும்பத்தின் முதுசொத்தாகவே பேணப்பட்டது. அத்தகைய அமெரிக்க வண்டிகள் சுமார் 60,000 எஞ்சின என மதிப்பிடுவர்.

இடுக்கண் நன்றென்பது எம் கருத்தன்று. உறுப்பு எளிதிற் கிடைத்திருப்பின் அம்மக்கள் மகிழ்ந்தே வாங்கியிருப்பர். ஆயினும் தடை வந்த நாளில் அவர்க்கு உதவியது ஏட்டிலெழுதாத கையறிவேயாம். தலைவர்கள் ஆணையிட்ட நாளை வரலாறு குறித்து வைக்கின்றது; வளையத்தைக் கடைந்தவன் பெயரை எவரும் குறித்திலர். நம் இல்லங்களிலும் கைத்தொழில் வல்ல முதியோர் உளர். அவர்பால் அமர்ந்து கேட்டறிந்து, அவர் பெயரோடு அவ்வறிவையும் நம் இளைஞர் எழுதிவைப்பாராக.